மல்லி வாசனை எண்ணெய் வாங்குவோர் கவனத்துக்கு: மாதிரியில் ஒன்று, கேனில் வேறொன்று

வீட்டில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்பவர்களுக்காக, குறிப்பாகக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் பூ வாசனையில் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் வழியாக வாசனை எண்ணெய் விற்கும் வெளியூர் வியாபாரி ஒருவர், மாதிரிக் குப்பியில் ஒரு சரக்கையும் கேனில் வேறொரு சரக்கையும் அனுப்புகிறார். கேட்டால் நம் கைப்பக்குவத்தின் மேல் பழியைப் போடுகிறார். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. பெயரை எழுதினாலும் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார். அவர் செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

பள்ளத்தூரில் ஒரு தைமாதக் கல்யாணத்துக்கு, வந்தவர்களுக்கு ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுக்க மல்லி வாசனை சோப்பும் சிறு மெழுகுவத்தியும் கேட்டிருந்தார்கள். பழைய வீட்டை விடுதியாக நடத்தும் ஓரிடத்திலிருந்து, குளிக்கும் தொட்டியில் போடும் வாசனை உப்பும் அதே மணத்தில் கேட்டார்கள். நான் வியாபாரியிடம் கேட்டது சோப்புக்கென்றே கலந்த செயற்கை வாசனை எண்ணெய்தான். பூவிலிருந்து எடுத்த எண்ணெயைக் கேட்கவில்லை. மல்லிகையை ரோஜாவைப் போல நீராவியில் வடிப்பதில்லை, சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். கரைப்பான் ஊற்றித்தான் எடுக்கிறார்கள். அப்படி எடுக்கும் அப்சலூட் என்னும் செறிந்த பூ எண்ணெய் ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிலோ அளவுக்குப் பூ வேண்டும். பூ கிலோ 200 ரூபாய்க்குக் கிடைத்தாலும் பூவுக்கே இரண்டு லட்சம் ஆகிவிடும். ஆகவே, "சுத்தமான மதுரை மல்லி எசன்ஷியல் ஆயில், 100 மில்லி 300 ரூபாய்" என்று எவராவது விளம்பரம் செய்தால் அங்கே மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இந்த வியாபாரி அப்படிப் புளுகவில்லை. செயற்கைதான் என்று ஒப்புக்கொண்டு, நியாயமான விலையைச் சொல்லி, காகிதங்களெல்லாம் தருவதாகவும் சொன்னதால்தான் நம்பிக்கை வந்தது.

மாதிரிக் குப்பியில் குறை சொல்ல எதுவும் இல்லை. எண்ணெய்களின் மொத்த எடையில் மூன்று சதவீதம் சேர்த்துச் செய்த சிறு ஈடு, கலவை சட்டென்று கட்டிதட்டாமல் அச்சில் இறங்கி, வாரக்கணக்கில் க்யூரிங்குக்கு (உலர்ந்து பக்குவப்பட) வைத்த பிறகும் மணத்தைக் கைவிடாமல் இருந்தது. பூ வாசனைகளில் இது எளிதல்ல. மல்லி மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் பென்சைல் அசிடேட் போன்ற எஸ்டர் வகை ரசாயனங்கள், சோப்புக்குச் சேர்க்கும் சோடா காரத்தில் (லை) சிதைந்துபோகும். அதைத் தாங்கும் பொருள்களை வைத்துக் கலந்ததைத்தான் சோப்புத் தரம் என்கிறோம்.

கேன் வந்ததும் அதே அளவில், அதே முறையில் செய்தேன். அச்சிலிருந்து எடுத்தபோதே மணம் பாதியாகியிருந்தது. கம்பித்தட்டில் அடுக்கிய சோப்புகளின் மேல் வேர்வை முத்துகளைப் போல எண்ணெய் கசிந்து, துடைக்கத் துடைக்க மறுபடி வந்தது. பார்க்க வந்த கல்யாண வீட்டு ஆச்சி ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "ஏன் ஆத்தா, மல்லி சோப்புன்னியே, வெளக்குத் திரி வாசமில்ல வருது?" என்றார்கள். மெழுகுவத்தியும் உருப்படவில்லை: மெழுகின் மேல்புறம் இறுகாமல் பிசுபிசுத்தது, ஏற்றினால் கரிதான் மிச்சம். வாசனை உப்பை விடுதிக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டேன். யார் உடம்பிலாவது பட்டு அரித்தால் பதில் சொல்ல வேண்டியவர் உறையில் பெயர் இருக்கிறவர்தானே.

மாதிரிக் குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது நல்லதாயிற்று. இரண்டையும் வெள்ளைத் தாளில் ஒவ்வொரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தேன். மாதிரி விழுந்த இடத்தில் மெல்லிய மணமும் மங்கிய வளையமும்தான் இருந்தன; கேன் எண்ணெய் விழுந்த இடம் பஜ்ஜி வைத்த தாளாட்டம் ஒளி ஊடுருவும் கறையாக அப்படியே நின்றது. பிறகு, நகை நிறுக்கும் சிறு தராசில் இரண்டையும் பத்துப் பத்து மில்லி நிறுத்தேன். மாதிரி பத்து கிராமுக்குச் சற்றே மேலே காட்டியது, கேனில் வந்தது ஒன்பதரை கிராமைக்கூட எட்டவில்லை. வாசனையைச் சுமக்கும் டி.இ.பி. என்னும் திரவம் தண்ணீரைவிடக் கனமானது, அதே வேலைக்குச் சேர்க்கும் டி.பி.ஜி.யும் தண்ணீரைவிடச் சற்றுக் கனம்தான். கடையில் ஒயிட் ஆயில் என்று விற்கும் லிக்விட் பாரஃபின் இலேசானது, எளிதில் ஆவியாகாது, காரத்தோடு சேர்ந்து சோப்பாகவும் மாறாது. தாளில் கறை, தராசில் எடைக்குறைவு, சோப்பின் மேல் கசிவு ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டின. ஆய்வக அறிக்கை இல்லாமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், ஊதுபத்திக்குப் போகிற மட்டச் சரக்கில் ஒயிட் ஆயிலை ஊற்றி அனுப்பியிருக்கிறார் என்றே கருதுகிறேன்.

காகிதம் வந்த கதை தனி. வாசனைப் பொருள்களுக்கு, இஃப்ரா என்னும் பன்னாட்டு வாசனைப்பொருள் சங்கத்தின் விதிப்படி தரும் இஃப்ரா சான்றிதழ் என்று ஒன்று உண்டு. எந்த வகைப் பொருளில் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அதில் வகைவாரியாக இருக்கும். சோப்பும் குளியல் உப்பும் 9ஆம் வகையிலும் மெழுகுவத்தி 12ஆம் வகையிலும் வரும். பலமுறை கேட்ட பின் அவர் அனுப்பிய பி.டி.எஃப்.பில், வாசனையின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், வரியைவிட்டுச் சற்று மேலேறி நின்றது. 12ஆம் வகைக்கு அளவு இருந்தது, 9ஆம் வகைக்கான வரியையே காணோம். கேனிலோ தொகுதி எண் கிடையாது. வெளிநாட்டு விருந்தினர் வரும் விடுதிகளுக்குக் கொடுப்பவர்கள் இதில் கூடுதலாகக் கறாராக இருக்க வேண்டும். லில்லி மணத்துக்குப் பரவலாகச் சேர்த்துவந்த லிலியால் என்னும் ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களில் 2022 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது; காகிதம் இல்லாத எண்ணெயில் அது இருக்கிறதா இல்லையா என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

மாதிரி, கேன் இரண்டின் படங்களையும் எடைக் கணக்கையும் அனுப்பியதற்கு, "உங்க லை அளவு தப்பு மேடம், எங்க சரக்கு பக்கா" என்று பதில் வந்தது. மாதிரியும் அதே அளவில் செய்ததுதானே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பிறகு, வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்று மிரட்டல் போல ஒரு குரல்பதிவு. இதற்கு யாரும் பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்குகிறது என்பது உண்மைதான்; ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டத்தின் விளக்கத்தில் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கல்யாண வீட்டுக்கு வேறிடத்தில் வாங்கிய எண்ணெயில் மறுபடி செய்துகொடுத்ததில் எனக்குக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. இப்போது, பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன், கேனை அனுப்பிவிடுங்கள் என்று தூது விடுகிறார். கேன் சாட்சி, அனுப்பப்போவதில்லை. இதேபோல் வாங்கி ஏமாந்தவர்கள் மீதி எண்ணெயைக் கொட்டிவிடாமல், மாதிரிக் குப்பி, கூரியர் ரசீது, பணம் அனுப்பிய பதிவு ஆகியவற்றோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.