மூலிகை ஆவிக் கருவி வாங்கப் போகிறீர்களா? முதலில் அந்த செராமிக் கிண்ணத்தைத் துடைத்துப் பாருங்கள்

திருகோணமலையில் மாரி தொடங்கினால் தடிமன், சளி இல்லாத வீடு இல்லை. இந்த முறை நகரத்தில் ஒரு கடையில் கரண்டில் வேலை செய்யும் மூலிகை ஆவிக் கருவிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கும் வகை இல்லை இது. காய்ந்த துளசி, நொச்சி, ஆடாதோடை இலையை ஒரு சின்ன செராமிக் கிண்ணத்தில் போட வேண்டும். அடியில் இருக்கும் சூடேற்றி இலையைக் கருக்காமல் வாட்டும். வரும் ஆவியைக் குழாய் வழியே இழுக்க வேண்டும். 8,500 ரூபா கொடுத்து அம்மாவுக்கென்று வாங்கினேன்.

வீட்டில் இலை போடுவதற்கு முன் கிண்ணத்தைக் கறுப்புத் துணியால் துடைத்தேன். துணி முழுக்க மா தடவியது போல வெள்ளைத் தூள். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, வெறும் கிண்ணத்தைச் சூடாக்கினால் பெயின்ட் கருகுவது போல ஒரு நாற்றம். ஆறின பிறகு மறுபடி துடைத்தேன், மறுபடியும் தூள். விளிம்பில் இருந்த மஞ்சள் பூச்சில் மயிர்க்கோடு போல வெடிப்பு. நகம் பட்ட இடத்தில் சின்னச் செதிலாக உரிந்து வந்தது.

கடைக்குக் கொண்டுபோனேன். "அக்கா, அது மூலிகைக் கறை. பாவிக்கப் பாவிக்கச் சரியாகும்" என்றார் அங்கிருந்த தம்பி. இன்னும் ஒரு இலைகூடப் போடவில்லை என்று சொன்னேன். உடனே ஒரு மண் கடதாசியை எடுத்து என் கண் முன்னாலேயே கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தார். மேசையெல்லாம் தூள். வாயால் ஊதிவிட்டு, "இப்ப கிளீன், கொண்டு போங்கோ" என்கிறார்! காசைத் திருப்பிக் கேட்டதற்கு, பெட்டி திறந்தால் எடுக்க மாட்டோம் என்று பதில். பெட்டியைத் திறக்காமல் தூளை எப்படிப் பார்ப்பதாம்?

நன்றாகச் சுட்ட செராமிக் இந்தச் சூட்டில் எதையும் விடாது. இப்படிப்பட்ட பாகங்களுக்குப் பயன்படும் அலுமினா என்ற செராமிக் வகையை 1,600 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். இலையை வாட்டத் தேவைப்படுவது 200 பாகையை ஒட்டிய சூடுதான். ஆகவே தூள் வந்தால் அது கிண்ணத்தைச் செய்யும்போது அறுத்துத் தேய்த்ததில் ஒட்டிக்கொண்ட துகளாக இருக்கலாம், சரியாகச் சுடாத மண்ணாக இருக்கலாம், மேல் பூச்சாகவும் இருக்கலாம். ஒட்டின துகள் என்றால் ஒரு கழுவலோடு போய்விட வேண்டும். கழுவியும் வருகிறது என்றால் பாகமே உதிர்கிறது.

பூச்சுத்தான் எனக்குப் பயம். மலிவான மட்பாண்டப் பூச்சுகளில் ஈயம் கலப்பது உண்டு. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு கட்மியம் என்ற நச்சு உலோகமும் சேர்ப்பார்கள். 200 பாகையில் ஈயம் ஆவியாகி வந்துவிடாது, அது உண்மை. ஆனால் பூச்சு உதிர்ந்து தூளானால் குழாய் வழியே அதுவும் சேர்ந்து உள்ளே போகும். சாப்பாட்டுப் பீங்கானில் இருந்தால் வயிற்றுக்கு, இதில் இருந்தால் நேரே நெஞ்சுக்கு. மிக நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று அறியப்பட்ட ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. என் கிண்ணத்தில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று பெட்டியிலும் இல்லை, கடையிலும் சொல்ல ஆளில்லை. செய்தவர் பெயர், இறக்குமதி செய்தவர் பெயர், எவ்வளவு சூடாகும் என்ற விவரம் எதுவும் கிடையாது. "சித்த முறைப்படி" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நிலாவெளிப் பக்கம் சித்த மருத்துவ பீடமே இருக்கிற ஊரில் இப்படி எழுதி விற்கத் துணிச்சல் வேண்டும்.

ஏற்கெனவே பாவிப்பவர்கள் கவனிக்க: இலையால் வரும் கறை மண்ணிறமாக, பிசுபிசுப்பாக இருக்கும். பிளக்கைக் கழற்றி, கிண்ணம் ஆறிய பின், பாமசியில் வாங்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் கரைந்து வரும். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகுதான் திரும்பச் சூடாக்கலாம், தீப்பிடிக்கும் சாமான் அது. வெள்ளையாக, சாம்பலாக, நறநறவென்று வருவது ஸ்பிரிட்டில் கரையாது. அது இலையிலிருந்து வந்ததும் இல்லை. அப்படி வந்தால் அதோடு நிறுத்துங்கள். கம்பி நாரோ மண் கடதாசியோ போட்டுத் தேய்க்கவே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இந்தக் கருவிப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம், பில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் பில்லோடும், தூள் படிந்த அந்தத் துணியின் படத்தோடும் கொடுத்துவிட்டேன். மஞ்சள் விளிம்புக் கிண்ணம் உங்கள் வீட்டிலும் இருந்தால் நீங்களும் எழுதிப் போடுங்கள். ஒரு ஆள் சொன்னால் "அக்கா, கறை" என்றுதான் அங்கேயும் சொல்வார்கள்.