வேர்ட் லிஸ்டா, கிராமர் கைடா, மேனுவலா?

காரைக்குடியில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் டெக்னிக்கல் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். வேர்ட் லிஸ்ட், கிராமர் கைடு, மெஷினோடு வரும் மேனுவல் என மூன்று வழியிலும் நடத்திப் பார்த்தாயிற்று.

வேர்ட் லிஸ்ட் என்றால் இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ், நாளுக்கு இருபது சொல். எலக்ட்ரோலைட், கேத்தோடு போன்ற புதுச் சொற்கள் இதில் சுளுவாக ஏறிவிடும். தெரிந்த சொற்கள்தான் காலை வாரும். 1953 முதல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இயங்கும் ஊராயிற்றே என்று மின்முலாம் பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். 'பாத்' குளியலானது, 'ஸ்ட்ரைக்' வேலைநிறுத்தமானது. முலாம் தொழிலில் முன்னது பொருளை முக்கியெடுக்கும் கரைசல். பின்னது முதலில் ஏற்றும் மெல்லிய அடிப்பூச்சு. பிள்ளைகள் மேல் தப்பில்லை, லிஸ்டில் அப்படித்தான் இருந்தது.

கிராமர் கைடுக்கு வருவோம். 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா.' பாஸிவ் வாய்ஸுக்காக நாம் ராவணனை எத்தனை தடவை கொன்றிருப்போம்! ஆனால் தொழில்நுட்ப எழுத்தில் அந்த 'பை' பெரும்பாலும் வருவதே இல்லை. யார் செய்தார் என்பது அங்கே கணக்கில்லை. அதனால் ராவணனை விட்டுவிட்டு ஆத்தங்குடி டைல்ஸைப் பிடித்தேன். டைல்ஸ் வார்க்கும் கண்ணாடியைத் துடைப்பது, அச்சில் வண்ணக் கலவை ஊற்றுவது, மேலே சிமென்ட்டும் மணலும் போடுவது, காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைப்பது என எல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்த வேலை. 'தி கிளாஸ் இஸ் கிளீன்ட்' என்று மளமளவென எழுதினார்கள். ஒருவன் மட்டும் 'பை மை ஃபாதர்' என்று சேர்த்திருந்தான். அவன் அப்பா டைல்ஸ் பட்டறைக்காரர். மார்க் குறைக்க மனசு வரவில்லை.

மேனுவல் வழி மெதுவானது. வாரத்துக்கு இரண்டு பக்கம் நகர்ந்தால் பெரிது. 'டு நாட் ஓபன் தி லிட் அன்டில் தி பிரஷர் ஃபால்ஸ் டு சீரோ' என்பதில் தெரியாத சொல் ஒன்றுமில்லை, ஆனாலும் திணறுகிறார்கள். தமிழில் 'அழுத்தம் பூஜ்யமாகும் வரை' முதலில் வந்துவிடும். இங்கிலீஷில் அது வாலில் தொங்குகிறது. படித்த வேகத்தில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். 'பிரஷர் ரிலீஃப் வால்வ்' போன்ற தொடர்களோ நம் பிள்ளைகளுக்கு அல்வா. கடைசியில் வரும் 'வால்வ்'தான் தலைமைச் சொல், முன்னால் உள்ளவை அதை விளக்குபவை, தமிழிலும் அதே வரிசை. பிரெஞ்சுக்காரருக்கு இது தலைகீழ்.

மேனுவலிலும் எல்லாம் தேறாது. மலிவு மோட்டாரோடு வரும் தாளில் இங்கிலீஷே தப்பாக இருக்கும். விமானப் பராமரிப்புக்காக உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கிலத்தில் செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது என்று விதி. அந்த அளவுகோலை வைத்துத்தான் பக்கம் பொறுக்குகிறேன்.

என் ஓட்டு மேனுவலுக்கே. லிஸ்டை அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகளே எழுதட்டும், கிராமர் அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குப் போதும். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் வந்து நிற்கிற பையனிடம் மேனுவலை நீட்டமாட்டேன். அவனுக்கு லிஸ்ட்தான்.