எக்ஸ்எம்எல் சரிபார்ப்பு: ஸ்டைல்ஷீட்டுக்குள்ளா, வாசலிலா?

தரவைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு ஆர்டர் ஃபைல், அதில் விலை ‘12,500’ என்று கால்புள்ளியோடு வருகிறது. எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியின் 1.0 பதிப்பில் எழுதிய நிரல், அதாவது ஸ்டைல்ஷீட், விலைகளைக் கூட்டினால், மொத்தத் தொகையின் இடத்தில் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் என்ஏஎன் அச்சாகும். பிழைச் செய்தி வராது. 2.0-வில் எண்ணாக மாற்ற முடியவில்லை என்று ஓட்டமே நின்றுவிடும், அது மேல். விலை எலிமென்ட்டே (குறிச்சொல்லும் அதன் உள்ளடக்கமும்) விடுபட்டிருந்தால் இரண்டுமே வாய் திறக்காது. தொகை குறைவாக வரும், அவ்வளவுதான். எலிமென்ட் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் நேம்ஸ்பேஸில் ஓர் எழுத்து பிசகினால் எந்த டெம்ப்ளேட்டும் (ஒரு எலிமென்ட்டை எப்படி மாற்றுவது என்ற விதி) பொருந்தாமல், உள்ளமைந்த விதிகள் எழுத்தையெல்லாம் ஒன்றாகக் கோத்துக் கொட்டிவிடும்.

இவற்றை ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே பிடிக்கலாம். நிபந்தனை பொய்த்தால் செய்தி சொல்லும் எக்ஸ்எஸ்எல் மெசேஜ் கட்டளையை டெர்மினேட் ‘யெஸ்’ என்று கொடுத்து நிறுத்துவது பழைய வழி. முதல் பிழையிலேயே நின்றுவிடுவதுதான் இதன் கோளாறு: அனுப்பியவர் அதைத் திருத்தி அனுப்ப, இரண்டாவது பிழை அப்போதுதான் தெரியும். நிபந்தனை பொய்த்தால் பிழை எழுப்பும் 3.0-வின் அசர்ட் பார்க்க அழகு. ஆனால் இயல்பு நிலையில் அது அணைந்தே இருக்கும், தனியாக இயக்கிவிட வேண்டும். இவற்றைவிடப் பெரிய தொல்லை, ஒரே ஆர்டரை ஹெச்டிஎம்எல், பிடிஎஃப், சிஎஸ்வி என்று மூன்று ஸ்டைல்ஷீட்கள் படிக்கும்போது விதியும் மூன்று இடத்தில் கிடப்பது. ஒன்றைத் திருத்தி மற்ற இரண்டை மறப்பது நிச்சயம்.

ஆகவே வடிவச் சோதனை வாசலில், அதாவது ஸ்டைல்ஷீட் ஓடும் முன்பே, ஆவணத்தின் வடிவ விதிகளைச் சொல்லும் ஸ்கீமாவிடம் இருக்கட்டும். அங்கும் ஒரு பொறி உண்டு. ஸ்கீமா எழுதும் மொழிகளான டிடிடியும் எக்ஸ்எஸ்டியும் சோதிப்பதோடு நிற்பதில்லை. விடுபட்ட அட்ரிபியூட்டுக்கு (குறிச்சொல்லுக்குள் எழுதும் பண்பு) இயல்பு மதிப்பையும் போட்டுவிடும். அந்த மதிப்பை நம்பி எழுதிய ஸ்டைல்ஷீட், சரிபார்ப்பு இல்லாமல் ஓடும் இடத்தில் வேறு விடை தரும். இன்னொரு ஸ்கீமா மொழியான ரிலாக்ஸ் என்ஜி அடிப்படையில் ஆவணத்தைத் தொடாது. இந்த ஒரு காரணத்துக்கே அதை முதலில் பரிசீலிக்கலாம். எந்த ஸ்கீமாவாக இருந்தாலும் அதைத் தேர்வு செய்வது பெறுபவர் வேலை. எந்த ஸ்கீமா என்று ஆவணமே சுட்டும் ஸ்கீமாலொகேஷனை நம்பினால், விடைத்தாளை மாணவரிடமே திருத்தக் கொடுத்த கதைதான்.

முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முன்னால் இருக்கக் கூடாது என்பதை 2001-இல் வந்த எக்ஸ்எஸ்டி 1.0-வில் எழுத வழியில்லை. 2012-இன் 1.1-இல் அசர்ட் உண்டு. ஆனால் அது தன் எலிமென்ட்டுக்கு உள்ளே மட்டுமே பார்க்கும், தன்னைச் சூழ்ந்த பெற்றோர் எலிமென்ட்டை எட்டிப் பார்க்காது. எக்ஸ்எம்எல் படிக்கும் நிரல் நூலகமான லிப்எக்ஸ்எம்எல்2-க்கு 1.1 தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்த இடம், இத்தகைய விதிகளை எழுதும் மொழியான ஸ்கீமட்ரானுக்கு. ஆவணத்தின் எந்த மூலையையும், ஆவணத்துக்குள் இடம் சுட்டும் மொழியான எக்ஸ்பாத்தில் கேட்கலாம், எல்லாப் பிழையும் ஒரே அறிக்கையில் வரும். மூன்று இடத்தில் இது காலை வாரும். ஒரு பேட்டர்னுக்குள் (ரூல்களின் தொகுப்பு) ஒரு எலிமென்ட்டுக்குப் பொருந்தும் முதல் ரூல் மட்டுமே ஓடும். பொதுவான ரூலை மேலே வைத்தால் கீழுள்ள குறிப்பான ரூல் அதற்கு ஓடவே ஓடாது. நேம்ஸ்பேஸை முன்னொட்டோடு சரியாக அறிவிக்காவிட்டால் எதுவும் பொருந்தாமல், ‘பிழை இல்லை’ என்று வெற்று அறிக்கை வரலாம். எக்ஸ்எஸ்எல்டியாக மாற்றி ஓட்டுபவர்கள் மூன்றாவதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்: பிழை இருந்தாலும் அந்த ஓட்டம் வெற்றி என்றே முடியும். ஸ்கீமட்ரான் தரும் எஸ்விஆர்எல் அறிக்கையில் தோற்ற அசர்ட்களை எண்ணி, பூஜ்யம் இல்லையென்றால் பைப்லைனை நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

ஸ்கீமாவை அறிந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0 சரிபார்ப்பையும் மாற்றத்தையும் இணைக்கும். தவறான பாதையை எழுதினால் கம்பைல் நேரத்திலேயே எச்சரிக்கவும் கூடும். எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் நிரலான சாக்ஸனில் இது எண்டர்பிரைஸ் பதிப்பில் மட்டுமே உண்டு என்பதால் பலருக்கு எட்டாது.

ஸ்டைல்ஷீட்டில் விட்டுவைக்க வேண்டியது அதன் சொந்த அனுமானம் மட்டும்: எதிர்பாராத எலிமென்ட் வந்தால் கத்துகிற ஒரு பொது டெம்ப்ளேட். வெளியீடு இன்னொரு நிரலுக்குப் போகிறதென்றால், அதைப் பெறுபவரின் ஸ்கீமாவால் தனியே சோதியுங்கள். உள்ளீட்டுப் பிழை அனுப்பியவருடையது, வெளியீட்டுப் பிழை உங்களுடையது. இரண்டையும் ஒரே லாகில் கலந்தால் யாரைத் திருத்தச் சொல்வது என்றே தெரியாது.