5டபிள்யூ-30 சி3 இன்ஜின் ஆயில்: டின்னைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டிய சரக்கு

டின்னின் முன்பக்கத்தில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதற்கு மயங்க வேண்டாம். அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் செலுத்திக் கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெய்தான். தரத்தில் குறையில்லை. ஆனால் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்துமா என்பதைப் பின்பக்கப் பொடி எழுத்துதான் சொல்லும்.

முதலில் 5டபிள்யூ-30. 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கானது. 5 என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) சுழல இடம் கொடுக்க வேண்டும். பின்னால் உள்ள 30, ஆயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது அதன் பிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் நிற்கும் என்பதற்கு. '40 போட்டால் இன்ஜினுக்கு இன்னும் பலம்' என்று சொல்பவர்கள் உண்டு. எந்த கிரேடு என்பதை, அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கின் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் தீர்மானிக்கின்றன; வண்டியின் கையேடு சொல்வதுதான் கணக்கு.

இந்த ஆயிலின் உண்மையான மதிப்பு சி3 என்ற ஐரோப்பியத் தரக்குறியில் இருக்கிறது. ஒரே அலமாரியில் இரண்டு 5டபிள்யூ-30 டின்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், இரண்டும் ஒன்றல்ல. 150 டிகிரி சூட்டில், பேரிங்கில் நசுங்கும் நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்த 30 கிரேடு அதில் 2.9 காட்டினாலே தேறிவிடும். சி3-க்குக் குறைந்தது 3.5 வேண்டும். அந்த 3.5-ஐ நம்பி வடிவமைத்த டர்போ இன்ஜினில் மெல்லிய வகையை ஊற்றினால், கிரேடு சரியாக இருந்தும் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்துபோகும்.

அடுத்தது சாம்பல். ஆயிலில் உள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாகின்றன. டீசல் வண்டியின் புகை வடிகட்டியில் சேரும் கரி, சூடேற்றினால் எரிந்து போய்விடும். சாம்பல் போகாது, அங்கேயே அடைத்துக்கொள்ளும். சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய வகை ஏ3/பி4 ஆயிலில் அது 1.6 வரை போகலாம். விலையுயர்ந்த வடிகட்டியைக் காப்பாற்றுவது இந்த வித்தியாசம்தான்.

குறையும் இங்கேதான். சாம்பலைக் குறைக்க அழுக்கு நீக்கும் சேர்மானத்தையும் அளந்தே போடுகிறார்கள். அதனால் அமிலத்தை முறிக்கும் கையிருப்பு குறைவு. கந்தகம் அதிகமுள்ள டீசல் போட்டால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். டின்னில் 'லாங் லைஃப்' என்றிருந்தாலும், தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடி இன்ஜின் முழுச் சூடு ஏறாமலே நிற்கும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுவே எங்கள் பரிந்துரை. டீசலில் சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்தால் ஆயிலைக் குறை சொல்லாதீர்கள். கரியைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. மூடியின் அடியில் பால் போல வெளுத்த பிசுக்கு இருந்தால்தான் கவனிக்க வேண்டும். உள்ளே குளிர்ந்து படிந்த ஈரமாகவும் இருக்கலாம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவாகவும் இருக்கலாம்.

எவ்வளவு நல்ல ஆயிலானாலும் மாற்றும் விதத்தில் கெட்டுப்போகும். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். வடிதுளையை மூடும் டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, மேலே புது ஃபில்டரை ஏற்றினால், ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் ஆயில் பீய்ச்சி வெளியேறிவிடும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, ஃபில்டர் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று, ஸ்பேனர் தேவையில்லை.

கையேட்டில் 4.2 லிட்டர் என்றிருந்தால் முதலில் 3.8 மட்டும் ஊற்றுங்கள். அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சமதளத்தில் ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆகவே மீதியை 200, 200 மில்லியாகச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. புகை வடிகட்டி உள்ள டீசலில், ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறிக்கொண்டு போனால், டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் எரிபொருள் ஆயிலில் கலக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

கையேட்டில் 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினுக்கு இந்த ஆயில் தேவையற்ற கெட்டி, மைலேஜ் குறையும். புகை வடிகட்டியே இல்லாத பழைய வண்டிக்கு சி3 விலை வீண், ஏ3/பி4 போதும். வழியில் ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்குப் போய்விட்டு, சி3 கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40 அரை லிட்டர் ஊற்றி வீடு சேருங்கள். தரமான இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதுதான் ஆபத்து.