மாதம் 300 ரூபாய்ச் சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? பாளையங்கோட்டை மனைப்பிரிவு ஒன்றின் குடியிருப்போர் நலச்சங்கம் பற்றிய மதிப்புரை

பாளையங்கோட்டையில் பெருமாள்புரத்தைத் தாண்டி அமைந்த மனைப்பிரிவு ஒன்றில் வீடு கட்டி 2017இல் குடிவந்தோம். அந்த மாதம் முதல் அங்குள்ள குடியிருப்போர் நலச்சங்கத்துக்குச் சந்தா செலுத்தி வருகிறேன். இடையில் பதினோரு மாதம் செலுத்த மறுத்தும் இருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்து தரும் எந்த அமைப்பையும் போலவே நலச்சங்கத்தையும் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. மனை வாங்க வருகிறவர்கள் தண்ணீர் எப்படி, பேருந்து எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கிறார்களே தவிர, சங்கம் எப்படி என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குடிவந்த பிறகு மாதாமாதம் நாம் முகம் பார்க்க வேண்டியது சங்கத்தைத்தான். சங்கத்தின் பெயரையோ நிர்வாகிகளின் பெயரையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர்களோடுதான் நான் இன்னும் குடியிருக்கிறேன்.

சந்தா முதலில் 200 ரூபாயாக இருந்து பிறகு 300 ஆயிற்று. இந்தப் பணத்தில் இரவுக் காவலாளி ஒருவருக்குச் சம்பளம் போகிறது. காலி மனைகளில் மண்டும் சீமைக்கருவேலத்தை ஆண்டுக்கு இருமுறை வெட்டுகிறார்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் பாதாளச் சாக்கடை மூடி உடைந்தாலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குச் சங்கத்தின் கடிதத் தாளில் புகார் போகிறது. தனி ஆளாகப் போய் நின்றால் மூன்று முறை அலைய வேண்டிய வேலை, செயலாளர் போனால் ஒரே நடையில் முடிகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். இந்த அளவில் 300 ரூபாய் என்பது குறைந்த விலையே.

சங்கத்தின் உண்மையான தரத்தை 2023 டிசம்பரில் கண்டேன். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. எங்கள் பகுதி மேடு என்பதால் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் மின்சாரமும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. இரண்டாம் நாள் காலையிலேயே சங்கத்தார் எங்கிருந்தோ டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, ஓர் உறுப்பினர் வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரோடு இணைத்து, தெருவுக்கு ஒரு மணி நேரம், வீட்டுக்கு ஆறு குடம் என்று முறை வைத்தார்கள். செயலாளர் ஒரு கையில் குடையும் மறு கையில் நோட்டுமாக நின்றுகொண்டு வீட்டு எண்களைக் குறித்தார். தூறலில் பேனா மை பரவி எண்கள் அழியத் தொடங்கியதும், பக்கத்தில் நின்ற சிறுவனிடம் பென்சில் வாங்கி, அழிந்த எண்களையெல்லாம் மறுபடி எழுதினார். அப்போது நான் சந்தா கட்டாத பாக்கிதாரன். அவரோடு பேச்சுவார்த்தையும் இல்லை. என் வீட்டு எண்ணை அவர் விடவில்லை. ஐந்தாவது குடம் நிரம்பியதும், “இன்னும் ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார்.

பாக்கி ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2022 இறுதியில் சங்கம் எங்கள் முதன்மைத் தெருவின் இரு முனைகளிலும் இரும்புக் கேட் போட்டு, பின்பக்கக் கேட்டை இரவு பத்து மணிக்குப் பூட்டத் தொடங்கியது. திருட்டு பயம் என்பது காரணம். அந்த ஆண்டு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் காணாமல் போனது உண்மைதான். ஆனால் எங்கள் பகுதிக்குப் பின்னால் உள்ள பழைய தெருக்காரர்கள் பிரதான சாலைக்கு வர அந்த வழியைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். விடியற்காலை நான்கரைக்குப் பால் கொண்டுவருபவர் கேட்டுக்கு வெளியே நின்று மணியடிப்பார். காவலாளி எழுந்து சாவியைத் தேடுவதற்குள் தெருவே விழித்துக்கொள்ளும்.

தெரு யாருடையது என்ற கேள்விதான் இதில் முதன்மையானது. அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளில் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக்கொடுத்த பிறகே மனைகளை விற்க வழி பிறக்கிறது. பூங்காவுக்கான பொது ஒதுக்கீட்டு இடமும் அப்படித்தான். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கிய பரப்பில் 10 சதவீதத்தை நிலமாகவே ஒப்படைக்க வேண்டும். அதற்குக் குறைந்து 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாக இருந்தால் மட்டும் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். எங்கள் மனைப்பிரிவு இந்த விதிகளுக்கு முந்தியது. என்றாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது, சாலைகளும் பூங்காவும் தானமாக எழுதப்பட்ட பத்திரத்தின் எண் அதிலேயே இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடத்தின் நகலையும் வாங்கினேன். அதாவது நாங்கள் பூட்டுப் போட்டிருந்தது மாநகராட்சியின் தெருவுக்கு.

இந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் காபி கொடுத்தார், தாள்களை வாங்கிப் பார்க்கவில்லை. “என்ன அண்ணாச்சி, நம்ம தெருவுக்கு நாம கேட் போடதுக்கு யாருகிட்ட கேக்கணும்னு சொல்லுதிய?” என்றார். எங்கள் பகுதியின் எல்லாத் தகராறுகளும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யக்கூடிய சங்கம், சந்தா தருகிறவர்களின் சம்மதத்தால் இயங்கும் அமைப்பு. தெருவையும் பூங்காவையும் அதற்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் குப்பை அள்ளி, முள் வெட்டி, விளக்குப் போட்டுப் பராமரித்த இடம் தம்முடையது என்ற எண்ணம் நிர்வாகிகளுக்கு வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை நான் கேலி செய்ய மாட்டேன். உழைத்தவருக்குத்தான் அது வரும்.

2023 மார்ச் முதல் சந்தாவை நிறுத்தினேன். அது சரியான வழி அல்ல என்று இப்போது தோன்றுகிறது. காவலாளியின் சம்பளத்துக்கும் கேட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் என் பெயர் கரும்பலகையில் ஏறியபோதுதான் அந்தப் பலகையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று நின்று படித்தேன். பூங்கா வாசலில் சாக்கட்டியால் எழுதிய பாக்கிப் பட்டியலில் எனக்கு மேலே, மூன்றாம் தெருக்காரர் ஒருவர் பெயரில் 2,400 ரூபாய் என்றிருந்தது. அவர் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய மனைவி தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பவர். பலகை போட்ட பிறகு நடையைப் பின்தெருவுக்கு மாற்றிக்கொண்டார். சங்கத்தின் விதிகளில் பாக்கியை வசூலிக்க நினைவூட்டுக் கடிதம், உறுப்பினர் பதவி நீக்கம் என்ற வழிகள் இருக்கின்றன. கரும்பலகை அவற்றில் இல்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் கசப்பைத் தந்தது அந்தப் பலகையே. கேட்டைக்கூட அதற்கு அடுத்துத்தான் சொல்வேன்.

மாடி கட்டுகிறவர்களிடம் ‘வளர்ச்சி நிதி’ என்று 10,000 ரூபாய் கேட்கும் வழக்கமும் உண்டு. கட்டட அனுமதி தருவது மாநகராட்சி. எங்களைப் போன்ற தனி மனைப் பகுதியில் சங்கத்தின் தடையின்மைக் கடிதம் அதற்குத் தேவையில்லை. தெரியாதவர்கள் கட்டிவிடுகிறார்கள், தெரிந்தவர்கள் ஜல்லி லாரி தெருவுக்குள் வர வேண்டுமே என்று கட்டிவிடுகிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் சங்கத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அங்கே படிக்கட்டு, மின்தூக்கி, நிலம் எல்லாவற்றிலும் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. பராமரிப்புச் செலவில் பங்கு தருவது கடமை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022, 2024 மார்ச் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் பேசுவது தனி மனைகளும் மாநகராட்சித் தெருக்களும் உள்ள பகுதிகளைப் பற்றி மட்டுமே. திருநெல்வேலியைச் சுற்றிப் புதிதாக எழும் நகர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

தகராறு தீர்ந்த விதம் நான் எதிர்பார்க்காதது. எங்கள் நிர்வாகக் குழு ஐந்து ஆண்டாக மாறவில்லை, இரண்டு ஆண்டாகப் பொதுக்குழு கூடவில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் குழுவின் பதவிக்காலத்துக்கு மூன்று ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் விண்ணப்பித்தால் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளை விசாரிக்கலாம். எங்கள் 148 உறுப்பினர்களில் 50 பேர் போதும். வீடு வீடாகப் போனேன். சட்டம் பேசிய இடங்களில் காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. கரும்பலகையைப் பற்றிப் பேசிய இடங்களில் கையெழுத்து கிடைத்தது. ஐம்பத்து மூன்று சேர்ந்த நேரத்தில்தான் மழை வந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு அந்த மனுவைப் பதிவாளரிடம் கொண்டுபோக எனக்குக் கால் எழவில்லை. மனுவின் நகலை மட்டும் செயலாளரிடம் கொடுத்தேன். இந்த முறை அவர் தாளை வாங்கினார். கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். தன் தம்பியின் கையெழுத்து வந்த இடத்தில் சற்று நின்றார். மூன்று வார அறிவிப்போடு 2024 ஜனவரியில் பொதுக்குழு கூடியது. பூங்காவில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் எழுபது பேர் உட்கார்ந்த அந்தக் கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. அதில் ஒன்றரை மணி நேரம் நாய்களைப் பற்றியது. கேட் இருக்கட்டும், பூட்டு வேண்டாம், காவலாளி பின்பக்கக் கேட்டருகே உட்காரட்டும் என்று முடிவாயிற்று. புதிய குழுவும் வந்தது. செயலாளர் மட்டும் மாறவில்லை, அவரை முன்மொழிந்தவர்களில் நானும் ஒருவன். வளர்ச்சி நிதி ‘விருப்ப நன்கொடை’ என்று பெயர் மாறியதே தவிர நிற்கவில்லை; முன்பு கட்டியவர்களுக்குத் திருப்பித் தரும் பேச்சும் எழவில்லை.

மனை வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வில்லங்கச் சான்றில் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், சங்கத்தின் கடைசிப் பொதுக்குழுத் தீர்மான நோட்டைக் கேளுங்கள். நோட்டைக் காட்டத் தயங்கும் சங்கம், ரசீது எழுதவும் தயங்கும்.

பதினோரு மாதப் பாக்கி 3,300 ரூபாயைப் பிப்ரவரியில் கட்டினேன். கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்தில் செயலாளர் எழுதினார். அழுத்தி எழுதாததால் சங்கத்தின் பிரதியில் தொகை சரியாகப் பதியவில்லை, மறுபடி ஒருமுறை எழுதச் சொன்னேன். கரும்பலகை இப்போது மின்தடை அறிவிப்புக்குப் பயன்படுகிறது. மூன்றாம் தெரு அம்மா காலையில் மறுபடி பூங்காவைச் சுற்றி நடக்கிறார். பலகை இருக்கும் பக்கம் வரும்போது மட்டும் நடை கொஞ்சம் வேகமாகிறது.