புண்ணாக்குக் கடையில் பூனைத் தீவனம்: ஒன்றரை வருடக் கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு நாய், நான்கு பூனை. எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. பிஸ்கட் ஒரு மழை நாளில் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியது, அப்புறம் கிளம்பவே இல்லை. கருப்பனை எதிர்வீட்டுக்காரர் "ஒரு வாரம் பாத்துக்கோங்க" என்று விட்டுப் போனார், நான்கு வருடம் ஆகிறது. பூனைகள் ஓர் அம்மாவும் அது எங்கள் துணி அலமாரிக்குள் போட்ட மூன்று குட்டிகளும். எல்லாமே இலவசமாக வந்ததால் செலவை நாங்கள் கணக்கே பார்க்கவில்லை. போன வருட ஆரம்பத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், ஆறாயிரத்து சொச்சம் வந்தது. வீட்டுக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார், அது திட்டுவதைவிட மோசம்.

அந்த நோட்டுதான் என்னை இந்தக் கடைக்குக் கொண்டுபோய் விட்டது. பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பெட் ஷாப் என்று நினைத்துத் தேடினால் கண்ணில் படாது, ஏனென்றால் அது புண்ணாக்குக் கடை. வாசலில் தவிடு, பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு மூட்டைகள், கொஞ்சம் உள்ளே புறாக்காரர்களுக்கான கம்பு, சோளம், அதையும் தாண்டி இருட்டில் நாய், பூனைத் தீவனச் சாக்குகள். இந்தப் பக்கம் மாடு வைத்திருந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், அந்த இடத்தை எங்களை மாதிரி ஆட்கள் நிரப்புகிறோம் என்று அண்ணாச்சி சொல்வார். மாட்டுத் தீவனத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, நாய், பூனை பாக்கெட்டுக்கு மட்டும் 18 சதவீதம். ஒரே தராசு, ஒரே கல்லா, ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் கருப்பன் ஆடம்பரப் பொருள்.

இந்தக் கடையைப் பற்றி எழுத முக்கியக் காரணம் ஒன்றுதான். அண்ணாச்சி சாக்கைப் பங்கு போட்டுக் கொடுப்பார். கேட்க சாதாரணமாக இருக்கும், கணக்கைப் பாருங்கள். நான் வாங்கும் நாய்த் தீவனம் ஒரு கிலோ பாக்கெட்டாக 210 ரூபாய், அதே பிராண்டின் 20 கிலோ சாக்கு இவரிடம் 2,900, அதாவது கிலோ 145. பூனைக்கு ஒரு கிலோ பாக்கெட் 340, பத்து கிலோ பை 2,600. அப்படியானால் சாக்காகவே வாங்கிவிட வேண்டியதுதானே என்று நானும் நினைத்தேன், முதல் தடவை வேறொரு கடையில் அப்படித்தான் வாங்கினேன். எங்கள் இரண்டு நாயும் காலையில் மட்டும்தான் தீவனம் சாப்பிடும், ராத்திரி குருணைச் சோறும் கோழியும், ஆக மாதம் ஏழு கிலோதான் செலவாகும். 20 கிலோ முடிய மூன்று மாதம். சென்னை வெக்கையில் திறந்த சாக்கு இரண்டாவது மாதமே பழைய எண்ணெய் வாடை அடிக்க ஆரம்பித்தது, தீவனத்தின் மேல் தடவியிருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டுக் காறிப்போகிறது. பிஸ்கட் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. கடைசி ஆறு கிலோவைத் தூக்கிப் போட்டேன், மிச்சம் பிடித்த காசில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று.

இங்கே அப்படி இல்லை. மூன்றாவது தெருவில் ஒரு டீச்சர் வீட்டிலும் நாய், பூனை உண்டு. சாக்கு வந்ததும் அண்ணாச்சி இரண்டு பேருக்கும் போன் போடுவார்: "யம்மா, பாதி உனக்கு, பாதி டீச்சருக்கு. சாயங்காலம் வந்தா கண்ணு முன்னாடியே பிரிச்சுடலாம்." தைத்த நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுப்பார், சர்ரென்று முழுத் தையலும் பிரிந்து வரும், முதல் வாடையிலேயே புதுசு என்று தெரிந்துவிடும். பங்கை எடை போட்டு, எடுத்துப்போன தூக்கிலும் டின்னிலும் கொட்டுவார். சாக்கில் அச்சடித்த தேதியை நான் போனில் படம் எடுத்துக்கொள்வேன், அதற்கு அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். திறந்த ஆறு வாரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு, பத்து கிலோ கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் வருகிறது. பூனைப் பையும் இதே மாதிரி ஐந்து, ஐந்து.

இந்த வசதியை வைத்துக்கொண்டு இவரிடம் லூஸில் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி ஒரு சாக்கு எப்போதும் இருக்கும், கால் கிலோ, அரை கிலோ கேட்பவர்களுக்கு. என்றைக்குத் திறந்தது என்று அண்ணாச்சிக்கே தெரியாது. அவசரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ வாங்கி வந்து தட்டில் கொட்டினேன், தவிட்டு நிறத்தில் இரண்டு வண்டு நிதானமாக நடந்து போயின. கொண்டுபோய்க் காட்டியதும் காசைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் அந்தச் சாக்கு அதற்கப்புறமும் அதே இடத்தில்தான் இருந்தது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. கடைப் பையனிடம் பூனைக்கு உண்ணி மருந்து கேட்டேன், நாயின் பிடரியில் விடுகிற சொட்டு மருந்தை எடுத்து நீட்டி, "பாதி ஊத்துங்க அக்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்றான். ஒன்று இல்லை. லேபிளில் பெர்மெத்ரின் என்று இருந்தது. நாய்க்குப் பழுதில்லாத அந்த மருந்தைப் பூனையின் உடம்பால் சிதைத்து வெளியேற்ற முடியாது, நடுக்கம், வலிப்பு என்று ஆரம்பித்து உயிரே போகலாம். இரண்டும் இருக்கும் வீடென்றால் நாய்க்குப் போட்டுவிட்டுப் பூனை அதை உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பையனிடம் சொன்னேன், அண்ணாச்சியிடமும் சொன்னேன், மண்டையை ஆட்டினார்கள். இந்தக் கடையில் தீவனம் வாங்குங்கள், மருந்து வாங்காதீர்கள். நாங்கள் ஊசி, மருந்து எல்லாவற்றுக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போகிறோம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கி உட்கார்ந்தால் அரை நாள் போகும், ஆனால் ஆறு உருப்படிக்கு வருடா வருடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுகிறவர்களுக்கு அந்த அரை நாளின் மதிப்பு தெரியும்.

சரி, மாதச் செலவுக்கு வருகிறேன். நாய்த் தீவனம் ஏழு கிலோ, 1,015. பூனைக்கு ஆறு கிலோ, 1,560. குருணை ஆறு கிலோ 240, அதுவும் இதே கடையில்தான், கல் இல்லாமல் இருக்கும். கோழிக்கடையில் கழுத்தும் காலும் மாதம் பத்து கிலோ வரை, 700. சனிக்கிழமை பூனைகளுக்குக் கவலை மீன், 400. பூனைகள் வெளிக்குப் போகும் தட்டில் கொட்டுகிற பூனை மண் 720. எல்லாம் சேர்த்து 4,600-ஐக் கொஞ்சம் தாண்டும். முன்பு இதே தீவனத்தைப் பாக்கெட்டாக வாங்கியபோது அதில் மட்டும் 900-க்கு மேல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு 600 பால். தினம் ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர், 20 ரூபாய், நான்கு பூனைக்கும் ஊற்றுவேன், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்று வேப்பேரியில் டாக்டர் சொல்லும் வரை. பாலை நிறுத்திய வாரமே மண் தட்டு நாறுவது பாதியாகக் குறைந்தது.

நோட்டில் எழுத முடியாத ஒரு செலவு உண்டு, அது நாய் தின்னும் பூனைத் தீவனம். பூனைத் தீவனத்தில் புரதமும் கொழுப்பும் அதிகம், அதனால் கருப்பனுக்கு அது கல்யாண விருந்து. கிலோ 260 ரூபாய் சரக்கைக் கண் மூடித் திறப்பதற்குள் நக்கிவிடுவான். மறுபுறம், விலை குறைவாக இருக்கிறதே என்று பூனைகளுக்கு நாய்த் தீவனத்தையே போட்டுவிடவும் முடியாது, டாரின் என்ற சத்தைப் பூனை தன் உடம்பில் போதுமான அளவு தயாரிக்காது, அது கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். கடைசியில் பூனைக் கிண்ணங்களை வாஷிங் மெஷின் மேல் ஏற்றினேன். துணி துவைக்கும்போது மெஷின் குலுங்க, நான்கும் குலுங்கியபடியே சாப்பிடுகின்றன, அந்த மாதம் பூனைத் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம்.

பூனை மண்ணிலும் நிறைய விளையாடிப் பார்த்தேன். அண்ணாச்சி வைத்திருப்பது கட்டி பிடிக்கிற பென்டோனைட் என்ற களிமண் வகை, பத்து கிலோ 480, வாசனை போட்டது, போடாதது இரண்டும் உண்டு. வாசனை போட்டதை வாங்காதீர்கள், எங்கள் பெரியது அந்த லாவெண்டரை ஒருமுறை மோந்துவிட்டு வாசல் மிதியடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நர்சரியில் விற்கும் தென்னை நார்த்தூள் கட்டியையும் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, மொட்டை மாடியில் காய வைத்து முயன்றேன். மிக மலிவு, வாடையும் அடக்குகிறது, ஆனால் தலையணை உறையில்கூட நார் இருந்தது. பென்டோனைட்டைக் கழிவறையில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், குழாய்க்குள் ஊறிக் களிமண்ணாகிவிடும். குழாய்க்காரர் வாங்கியது 800.

கடைக்கு வீட்டு டெலிவரி உண்டு, பையன் டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டுவருவான், காசு கிடையாது, நேரமும் கிடையாது. ஜிபே உண்டு. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். ஞாயிறு மதியத்துக்கு மேல் போனால் ஷட்டர்தான்.

பெயரை நான் போடவில்லை, வண்டு விஷயத்தையும் எழுதிவிட்டு அண்ணாச்சி முகத்தில் எப்படி முழிப்பது. ஒரு விஷயம், டீச்சர் அடுத்த மாதம் தாம்பரம் பக்கம் வீடு மாறுகிறார்கள். பெரம்பூரில் யாராவது வாசலில் தவிட்டு மூட்டையும் உள்ளே பூனைத் தீவனமும் இருக்கிற கடையைப் பார்த்தால், "நாய்ச் சாக்கு பாதி, பூனைப் பை பாதி" என்று சொல்லி நம்பரைக் கொடுத்து வையுங்கள், மீதிப் பாதி என்னுடையது.