பைசன் பர்கர்: கரியடுப்பா, கேஸ் கிரில்லா, தோசைக்கல்லா?

கனடாவின் எட்மன்டன் நகருக்கு வந்த முதல் கோடையில் பைசன் கொத்துக்கறி ஒரு பொட்டலம் வாங்கி, மாட்டிறைச்சி பர்கர் சுடுகிற அதே கணக்கில் கரியடுப்பில் போட்டேன். நல்ல தணல், பக்கத்துக்கு ஆறு நிமிடம். கடித்துப் பார்த்தால் வெறும் சக்கை. கறி நல்ல கறிதான், கணக்குதான் பிசகிவிட்டது. அதன் பிறகு அதே கறியைக் கரியிலும் கேஸிலும் தோசைக்கல்லிலும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் நான் நினைத்ததைவிடப் பெரிது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பைசனைக் காட்டெருமை என்று எழுதுவது நம்மிடம் வழக்கம். கொடைக்கானலிலும் குன்னூரிலும் சாலையோரம் வந்து நிற்கிற காட்டுமாட்டையும் அப்படித்தான் சொல்கிறோம். அது வேறு விலங்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வேட்டையாடுவது குற்றம். இங்கே கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த வட அமெரிக்கப் பைசன். மாட்டிறைச்சி சாப்பிடாத நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், 'இது மாடுதானா?' என்று கேட்பார்கள். மாட்டுக் குடும்பம்தான், பசுவோடு சேர்ந்து கலப்புக் கன்று ஈனுகிற அளவுக்கு நெருங்கிய உறவு. அதைச் சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்டுவேன்.

இந்த விலங்கு இன்றைக்கு நம் தட்டுக்கு வருவதே பெரிய விஷயம். கோடிக்கணக்கில் மேய்ந்த மந்தைகள் 1880களின் முடிவில் ஆயிரம் சொச்சமாகச் சுருங்கிப்போயின. அமெரிக்காவின் மொன்டானாவில் மைக்கேல் பாப்லோ என்பவர் வளர்த்துவந்த மந்தையைக் கனடா அரசு 1907இல் விலைக்கு வாங்கி, ரயிலேற்றி, எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள எல்க் ஐலண்ட் பூங்காவில் இறக்கியது. பிறகு அவற்றை வெயின்ரைட் என்ற ஊருக்கு மாற்றியபோது பிடிபடாமல் தங்கிவிட்ட சில பத்து விலங்குகளின் சந்ததிதான் இன்று அங்கே மேய்கிறது. ஒருமுறை அந்தப் பூங்காவில் காரை நிறுத்திவிட்டு, சாலையைக் கடக்கிற ஒரு கிடாவுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு அந்தக் கறியைக் காயவைத்து வீணாக்க மனம் வருவதில்லை.

இனி கறிக்கு வருவோம். பர்கருக்கென்று பலரும் எடுக்கிற மாட்டுக் கொத்துக்கறியில் நூறு கிராமுக்கு 20 கிராம் கொழுப்பு இருக்கும். புல் மேய்ந்த பைசனில் ஏறத்தாழ 7 கிராம்தான். 254 கலோரி எங்கே, 146 கலோரி எங்கே! உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்பது இதனால்தான். சமைக்கிறவருக்கு இதே விஷயம் வேறு மாதிரி. மாட்டிறைச்சி இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கொழுப்பு காப்பாற்றிவிடும். பைசனில் காப்பாற்ற ஆள் இல்லை. சுவையில் பைசன் ஒரு படி மேல் என்பது என் கருத்து. இலேசான இனிப்பு இருக்கும், சாப்பிட்ட பிறகு நாக்கில் நெய்ப் படலம் தங்காது. விலை கூடத்தான்.

கரியடுப்பிலிருந்து தொடங்குகிறேன், பர்கர் என்றாலே எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். கரியில் சுட்ட மணம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு கரியிலிருந்து வருவதில்லை. கறியிலிருந்து சொட்டுகிற கொழுப்பு தணலில் விழுந்து எரிந்து, அந்தப் புகை திரும்ப மேலே வந்து கறியில் படிகிறது. அதுதான் மணம். பைசனில் சொட்டுவதற்கே அதிகம் கிடையாது. தணலுக்கு நேர் மேலே வைத்தால் மணம் குறைவாகவும் சூடு மட்டும் முழுசாகவும் வந்து சேர்கிறது. என் முதல் பர்கர் சக்கையானதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் கரியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தணலை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவித்து, மறு பாதியைக் காலியாக விட வேண்டும். தணல் உள்ள பாதியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் நிறம் ஏற்றிவிட்டு, காலிப் பக்கத்துக்கு நகர்த்தி மூடி போட வேண்டும். தணலில் ஆப்பிள் மரத்துண்டு ஒன்றைப் போட்டால் குறைகிற புகையும் கிடைத்துவிடும். இப்படிச் செய்தால் மூன்றிலும் மிக மணமான பர்கர் இதுதான். அதற்குக் கொடுக்கிற விலை நேரம்தான்: கரி பற்றி வெள்ளைச் சாம்பல் பூக்கவே இருபது நிமிடம் ஆகும். கொழுப்பில்லாத கறி கம்பியில் ஒட்டிக்கொள்ளும், திருப்பும்போது பாதி அங்கேயே நின்றுவிடும். அதனால் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வில்லையின் இரு பக்கமும் எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும்.

கேஸ் கிரில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருகினால் எரியும், குறைத்தால் குறையும். மூடி போட்டு அடுப்பைப் பத்து நிமிடம் காயவைத்து, நடுத்தரச் சூட்டில் சுட்டால் பழுதில்லாத பர்கர் வரும். மணம் கொஞ்சம்தான். வேலை நாளில் பசியோடு காத்திருக்கிற பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வார்ப்பிரும்புத் தோசைக்கல். ஊரிலிருந்து சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்தது, ஓரம் கொஞ்சம் எழும்பிய கனமான கல். கம்பியில் கீழே சொட்டிப் போகிற அந்தக் கொஞ்சக் கொழுப்பும் கல்லில் கறியைச் சுற்றியே தேங்கி நிற்கிறது, கறி அதிலேயே பொரிகிறது. கம்பி கோடு கோடாகத்தான் நிறம் கொடுக்கும். கல் முழுப் பரப்பிலும் நெய் ரோஸ்ட் நிறத்தில் மொறுமொறுப்பைக் கொடுக்கிறது. விளிம்பில் சின்னச் சின்னதாகக் கொப்பளிக்கிற சத்தம் கேட்டால் திருப்பலாம். தானாகவே கல்லை விட்டு வந்துவிடும். குறை, வீடு முழுக்கப் புகை. அதற்கு வழி, கல்லைத் தூக்கிக் கேஸ் கிரில்லின் மேலேயே வைத்துவிடுவது. (கறிக்கென்று ஒரு கல்லைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலைத் தோசையில் வாடை வரும்.)

எந்த அடுப்பானாலும் மாறாதவை சில உண்டு. நமக்குக் கோலா உருண்டை பிசைந்து பழகிய கை. அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. பிசையப் பிசையக் கறி இறுகும், உப்பைக் கலந்து பிசைந்தால் இன்னும் இறுகிக் கட்லெட் மாதிரி ஆகிவிடும். குளிர்ந்த கறியை 150 கிராம் எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அழுத்தாமல் வில்லையாகத் தட்டி, மெதுவடை போல ஓட்டை போடாமல் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி மட்டும் வைத்து, அடுப்பில் போடும் முன்புதான் மேலே உப்பும் மிளகும் தூவ வேண்டும். வெந்துகொண்டிருக்கும்போது கரண்டியால் அழுத்தாதீர்கள். சிலர் முட்டையும் ரொட்டித்தூளும் சேர்ப்பார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. குளிர்ந்த வெண்ணெயைத் துருவி, அரை கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் கரியடுப்பிலும் ஈரம் நிற்கும். கல்லில் அதுவும் தேவைப்படவில்லை.

தெர்மாமீட்டர் இல்லாமல் இந்தக் கறியைத் தொடாதீர்கள். கனடாவில் கொத்துக்கறிக்குச் சொல்கிற பாதுகாப்பான சூடு 71 டிகிரி செல்சியஸ். முழுத் துண்டாகச் சுடுகிற ஸ்டேக்கில் கிருமி மேற்பரப்பில் இருக்கும், சுட்டால் போய்விடும். கொத்தும்போது அதே கிருமி உள்ளேயும் கலந்துவிடுவதால் நடுவில் சிவப்பாக விடுகிற பேச்சுக்கே இடமில்லை. நிறத்தையும் நம்ப முடியாது. பைசன் இயல்பிலேயே கருஞ்சிவப்பு. ஊசியைப் பக்கவாட்டிலிருந்து நடுவரை செருகுங்கள். 60ஐத் தாண்டிய பிறகு வேறு வேலைக்குப் போகக் கூடாது. 71ஐத் தொட்டதும் எடுத்து, மூன்று நிமிடம் தட்டில் ஆறவிட வேண்டும். 80ஐப் பார்த்துவிட்டால் எந்த அடுப்பும் அதைத் திருப்பித் தராது.

முதன்முறை செய்கிறவருக்கு நான் தோசைக்கல்லைத்தான் சொல்வேன். கை பழகியவருக்கு, இரு பாதியாகப் பிரித்த கரியடுப்பு. கேஸ் கிரில் ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் கல்லை வைத்துக்கொள்ளலாம், பைசனுக்காகப் புதிதாக வாங்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஜூலையில், இரவு பத்து மணிவரை வெளிச்சம் நிற்கிற சனிக்கிழமைகளில் கரி. மைனஸ் இருபத்தைந்தில் பின்வாசல் கதவே திறக்காத ஜனவரியில், அடுப்பின் மேல் விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, கல்.